ரத்தசோகையும் டயாலிசிஸ் முறைகளும்: எதில் எவ்வளவு வித்தியாசம்?

ரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிக்கும் நான்கு மணி நேர ஹீமோடயாலிசிஸ் முடிந்ததும், உப்பு நீரைச் செலுத்தி இயந்திரத்தில் நிற்கும் ரத்தத்தை உடலுக்குத் திருப்புவார்கள். குழாய்கள் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகி வெளுத்துவிடும். ரத்தத்தை வடிகட்டும் டயாலைசருக்குள் இருக்கும் மயிரிழை போன்ற குழல்களில் சில மட்டும் சிவந்த கோடுகளாக அப்படியே நின்றுவிடும். அந்த ரத்தம் நோயாளிக்குத் திரும்புவதில்லை. வாரம் மூன்று முறை இப்படி மிஞ்சுவதோடு, பரிசோதனைக்கு எடுப்பதும் ஊசி குத்திய இடத்தில் கசிவதும் சேர்ந்தால், ஓராண்டில் 1 முதல் 2 கிராம் இரும்புச்சத்து, சிலருக்கு அதற்கு மேலும், உடலை விட்டுப் போகிறது. உடலில் இருக்கும் மொத்த இரும்பே 3, 4 கிராம்தான் என்பதோடு வைத்துப் பார்த்தால் இழப்பின் அளவு புரியும்.

சிறுநீரக நோயாளியின் ரத்தசோகைக்கு அடிப்படைக் காரணம், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் சிறுநீரகத்தில் போதிய அளவு சுரக்காததுதான். இந்தக் குறையை எந்த டயாலிசிஸ் முறையும் ஈடுசெய்யாது. அதற்கு 1989 முதல் புழக்கத்தில் இருக்கும் எரித்ரோபொய்டின் ஊசி மருந்துதான் முக்கிய வழி. ஆகவே முறைகளை ஒப்பிடும்போது கேட்க வேண்டியது, எது ரத்தத்தைக் குறைவாக இழக்கச் செய்கிறது, எது உடலில் அழற்சியைக் குறைவாகத் தூண்டுகிறது என்பதையே. அழற்சி கூடினால், இரும்பைப் பூட்டிவைக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கல்லீரல் அதிகமாகச் சுரக்கும். அப்போது உடலில் இரும்பு இருந்தும் எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேராது.

இந்தக் கணக்கில், வயிற்றுக்குள் திரவத்தை விட்டுக் கழிவுகளை வெளியேற்றும் வயிற்றுவழி டயாலிசிஸ் தெளிவாக முந்துகிறது. ரத்தம் உடலை விட்டு வெளியே வருவதே இல்லை. மிஞ்சியிருக்கும் சிறுநீரகச் செயல்பாடும், அதோடு கொஞ்சநஞ்ச எரித்ரோபொய்டினும், கூடுதல் காலம் நீடிக்கின்றன. இந்த நோயாளிகளுக்குப் பொதுவாகக் குறைந்த அளவு ஊசியே போதுமானதாக இருக்கிறது. அதில் ஒரு பகுதி, ஊசியைத் தோலுக்கடியில் போடுவதால் வருவது என்பதையும் சொல்லியாக வேண்டும்: ஹீமோடயாலிசிஸ் நோயாளிகளிடமே 1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நரம்பில் போடுவதைவிடத் தோலுக்கடியில் போட்டபோது மருந்தின் தேவை சுமார் 32 சதவீதம் குறைந்தது. மறுபக்கம், வயிற்றுறையில் தொற்று வந்தால் அழற்சி கூடி ஹீமோகுளோபின் சட்டென்று இறங்கும். நரம்புவழி இரும்பு ஏற்றுவதற்கென்று தனியாக மருத்துவமனைக்குப் போகவும் வேண்டும்.

அதிகம் பேசப்படுவது ஹீமோடயாஃபில்ட்ரேஷன். வழக்கமான ஹீமோடயாலிசிஸ் சிறிய மூலக்கூறுகளைத்தான் நன்றாக நீக்கும். இதில் லிட்டர் கணக்கில் நீரை ரத்தத்திலிருந்து இழுத்து, அதற்கு ஈடாகத் தூய திரவத்தைச் செலுத்துவதால் நடுத்தர அளவு மூலக்கூறுகளும் வெளியேறுகின்றன. அவற்றில் சில சிவப்பணு உற்பத்தியைத் தடுப்பவை என்பதால் ரத்தசோகை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. 2013-இல் வெளியான, 782 பேர் பங்கேற்ற துருக்கி ஆய்வில் ஊசியின் தேவை குறைந்தது. 714 பேரைக் கொண்ட கான்ட்ராஸ்ட் ஆய்வில் ஊசிக்கு உடல் காட்டும் எதிர்ப்பில் வித்தியாசமே இல்லை. கான்ட்ராஸ்டில் ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதிதூய நீரே பயன்படுத்தப்பட்டது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹீமோடயாஃபில்ட்ரேஷனில் திரவம் நேரடியாக ரத்தத்தில் கலப்பதால் நீர் அதிதூயதாக இருந்தே ஆக வேண்டும். அந்த முறைக்குப் போய்ச் சேரும் பெயரில் ஒரு பங்கு நீரின் தூய்மைக்குரியது என்றே நினைக்கிறேன்.

நீர் கெட்டால் எந்த முறையும் கைகொடுக்காது. குடிநீரில் கிருமி நீக்கத்துக்குச் சேர்க்கும் குளோரமைன், கரி வடிகட்டியைத் தாண்டி வந்துவிட்டால், இயந்திரம் எவ்வளவு புதிதாக இருந்தாலும் சிவப்பணுக்கள் உடைந்துபோகும்.

டயாலிசிஸை அடிக்கடி செய்தால் என்ன? வாரம் ஆறு முறை செய்வதையும் மூன்று முறை செய்வதையும் 245 பேரிடம் ஒப்பிட்ட எஃப்.எச்.என். ஆய்வில் ரத்தசோகையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

ஆகவே ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே நிற்கிறது என்பதற்காக மட்டும் இயந்திரத்தை மாற்றச் சொல்லுமுன், இரும்பின் நிலையைக் காட்டும் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., அழற்சியைத் தூண்டக்கூடிய, கழுத்தில் போட்ட கதீட்டர் குழாய் இன்னும் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்ப்பது நல்லது. இன்னும் சிறுநீர் கழிப்பவர், வீட்டில் சுத்தமாகச் செய்துகொள்ள முடிந்தவர் என்றால், வயிற்றுவழி முறையை ரத்தசோகையை முன்னிட்டும் யோசிக்கலாம். ஹீமோடயாஃபில்ட்ரேஷனைத் தேர்ந்தெடுக்கவும் நல்ல காரணம் உண்டு: 1,360 பேர் பங்கேற்று 2023-இல் வெளியான கன்வின்ஸ் ஆய்வில், உயர் அளவில் அதைச் செய்துகொண்டவர்களிடம் மரண அபாயம் 23 சதவீதம் குறைந்தது. அது ஆயுளுக்கான காரணம், ஹீமோகுளோபினுக்கானது அல்ல.