ஸ்விஃப்டுக்குப் புது டயர்: ஒரு வருட ரீங்காரம் அடங்கியது

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். முகூர்த்த நாட்களில் சாலிகிராமத்திலிருந்து மதியம் கிளம்பினால், திண்டிவனத்திலோ காஞ்சிபுரத்திலோ ரிசப்ஷன் முடித்து நள்ளிரவு தாண்டித்தான் திரும்புவேன். பின்சீட்டில் பாதியை மடித்துக் கீபோர்டு, மீதியில் ரிதம் பேட் வாசிக்கும் தம்பி தூக்கத்தில், டிக்கியில் ஆம்ப். டயர் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி இந்தச் சுமையும் என் காதும்தான்.

வண்டி 2019 ஸ்விஃப்ட். கம்பெனியில் வந்த டயரையே 51,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். கடைசி ஒரு வருடமாக, 80-ல் போகும்போது பின்பக்கமிருந்து எஃப் ஷார்ப் ஸ்வரத்தில் ஒரு ரீங்காரம் வரும். 90-க்கு ஏற்றினால் அது ஜி ஷார்ப். 80-க்கு 90 என்பது எட்டுக்கு ஒன்பது, அதாவது சட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபம். கணக்கு சரியாக இருக்கிறதே என்று ரசித்துக்கொண்டிருந்தேனே ஒழிய, டயர் தேய்ந்துவிட்டது என்று உறைக்கவில்லை.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தன்று உறைத்தது. மேல்மருவத்தூர் தாண்டி நல்ல மழை. ரோட்டில் நின்ற தண்ணீரில் ஏறியதும் ஸ்டீயரிங் கையில் கனமே இல்லாமல் போனது. ஒரு நொடி, இரண்டு நொடி இருக்கலாம். வண்டி தண்ணீரின் மேல் மிதந்தது. மறுநாள் காலை குனிந்து பார்த்தேன். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடு வைத்திருப்பார்கள், 1.6 மில்லிமீட்டர் உயரம். ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள், அதாவது பட்டன், அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. எனக்கு முன்சக்கரம் இரண்டிலும் சமமாகத்தான் இருந்தது.

புரட்டாசியில் எங்களுக்கு வேலை குறைவு. அப்போதுதான் ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் டயர், சீட் கவர், ஹார்ன் என்று வரிசையாகக் கடைகள். வண்டியை நிறுத்த இடம் தேடுவதற்குள் பாதி உயிர் போய்விடும்.

முதல் கடையில், "ஆல் சீசன் பெர்ஃபார்மன்ஸ் டயர் இருக்கு சார், எல்லா சீசனுக்கும் ஒரே டயர்" என்று ஆரம்பித்தார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அந்தப் பெயர் பனி விழும் ஊர்களில் பிறந்தது. ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண கோடைக்கால டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பு குறையும். அங்கே குளிருக்குத் தனி டயர் மாட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவில், வருடம் முழுக்க ஒரே செட்டில் ஓட்டுவதற்கு வந்ததுதான் ஆல் சீசன். மார்கழி விடியலில் 20 டிகிரி வந்தாலே மஃப்ளர் சுற்றிக்கொள்ளும் ஊர் நம்முடையது. நமக்கு இருப்பது வெயில், மழை என்ற இரண்டு சீசன். ஈர ரோட்டில் பிரேக் பிடிக்க வேண்டும், சூட்டில் தாங்க வேண்டும். பக்கவாட்டில் எம் பிளஸ் எஸ், அதாவது சேறும் பனியும், என்று அச்சடித்த டயருக்குக் கூடுதலாகக் கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

அதே கடையில் எடுத்துப்போட்ட டயரின் பக்கவாட்டில் 3124 என்று இருந்தது. 2024-ஆம் வருடம் 31-வது வாரம் செய்தது, அதாவது ஒரு வருடத்துக்கு மேல் குடோனில் கிடந்த சரக்கு. விலையும் பழைய விலை. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டதே என்று கேட்டதும், பையன் உள்ளே முதலாளியைப் பார்த்தான். முதலாளி போனைப் பார்த்தார். நான் வெளியே வந்துவிட்டேன். நாலு டயருக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வித்தியாசம் வரும், ஒரு கச்சேரிக்கு டீசல் செலவு.

இரண்டாவது கடையில் மிஷலின் எனர்ஜி எக்ஸ்.எம்.2 பிளஸ் எடுத்தேன். ஒன்று ஏழாயிரத்துச் சொச்சம். அளவு பழைய அளவேதான், 185/65 ஆர் 15. அகலமாக 195 போடச் சொன்னார்கள். பார்வைக்கு எடுப்பாக இருக்கும், ஆனால் நின்ற தண்ணீரில் அகலமான டயர் சீக்கிரம் மிதக்கும். ஒருமுறை மிதந்தது போதும் என்று மறுத்துவிட்டேன். லோடு நம்பர் 88, அதாவது ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். ஆம்ப் தூக்குபவன் அந்த நம்பரைக் குறைத்து வாங்கக் கூடாது.

மாட்டிய அண்ணன் வேலைக்காரர். புது வால்வு போட்டார், சோப்புத் தண்ணீர் தடவி ரிம்மில் கீறல் விழாமல் ஏற்றினார். நட்டை ஏர் கன் வைத்து முழுக்க முறுக்காமல், கடைசித் திருப்பு அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்சில் என்று கேட்டுக்கொண்டேன். ஒருமுறை நடுராத்திரி பஞ்சரில், கன்னில் முறுக்கிய நட்டு வராமல், தம்பி ஸ்பேனர் மேல் ஏறிக் குதித்திருக்கிறான். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் வேண்டாம் என்றேன். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம், அதைச் சரிசெய்யத் தனிக் காசு கேட்டார்கள், அதையும் வேண்டாம் என்றேன். ஸ்விஃப்டில் முன்சக்கர டோவைத்தான், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவைத்தான், திருப்பிச் சரிசெய்ய முடியும். கேம்பர் என்றால் ஜாக்கி போட்டு வளைப்பார்கள். என் வண்டியை எவரும் வளைக்க வேண்டாம்.

குறை ஒன்று இருக்கிறது. இரண்டாம் நாள், சரியாக 90-ல் ஸ்டீயரிங் நடுங்கியது. அந்த வேகத்தில் இந்தச் சக்கரம் நொடிக்குக் கிட்டத்தட்ட 13 சுற்று சுற்றும், நடுக்கமும் அதே தாளத்தில். பேலன்ஸிங், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லை என்று தெரிந்துவிட்டது. சமப்படுத்த ரிம்மில் ஒட்டும் வெயிட் ஒன்று, ரிம்மைத் துடைக்காமல் ஒட்டியதால் கழன்று விழுந்திருந்தது. திரும்பிப் போனதும் முணுமுணுக்காமல், காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார்கள். ஆனால் ஜி.பி. ரோட்டில் இன்னொரு தடவை பார்க்கிங் தேடியதற்கு யார் கணக்குச் சொல்வது?

டயர் எப்படி? முதல் இருநூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினேன், புது ரப்பரின் மேல் வழவழப்பு போக வேண்டும். அப்புறம் ஐப்பசி மழை வந்தது. செங்கல்பட்டு தாண்டி, போன தடவை போலவே தண்ணீர் நின்ற ரோட்டில் 60-ல் போனேன். ஸ்டீயரிங்கின் கனம் கையில் அப்படியே இருந்தது. பிரேக்கை ஒருமுறை வேண்டுமென்றே அழுத்திப் பார்த்தேன், நேராக நின்றது. பின்னால் வண்டி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான்.

சத்தத்தில்தான் அசந்துபோனேன். நல்ல டயரில் பட்டன்களை ஒரே நீளத்தில் வெட்ட மாட்டார்கள். கலந்து கலந்து வைத்தால் சத்தம் ஒரே ஸ்வரத்தில் குவியாமல் சிதறும். பழைய டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்துதான் அந்த எஃப் ஷார்ப்பைப் பிடித்திருக்கிறது. இப்போது கேட்பது சுருதி சேராத ஒரு மெல்லிய இரைச்சல், தம்புரா இல்லாத ஏ.சி. ஹால் மாதிரி. அதனால் டேஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு கிளிப் கடகடப்பது தெளிவாகக் கேட்கிறது. இடது பக்கம், ஏ.சி. வென்ட்டுக்குக் கீழே என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்க்க வேண்டும்.