தொர பங்களா பாரமானி: வாங்கலாமா?

காற்றழுத்தத்தை அளக்கும் இந்தப் பாரமானியைக் கண்டி டவுனில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். முதலாளி 12,000-இல் தொடங்கினார். "தொர பங்களாவில இருந்தது சேர், நல்லா வேல செய்யுது." தோட்டத் துரையின் பங்களா என்ற கதை உண்மையாக இருக்கலாம். வேலை செய்வது பாதி உண்மை: கண்ணாடியில் விரலால் தட்டினால்தான் ஊசி நகர்கிறது.

பாதரசம் இல்லாத வகை. ஆனாலும் முகப்பில் பாதரச உயரக் கணக்கில்தான் 22 முதல் 31 அங்குலம் வரை கோடுகள். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், அதனால் மலைநாட்டார் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். 28-இல் தொடங்குவதை வாங்கினால், பின்னாலுள்ள திருகைத் திருப்பாமல் அட்டனில் ஒன்றும் தெரியாது.

அன்றே மடியில் வைத்துக்கொண்டு கோச்சியில் ஏறினேன். நாவலப்பிட்டி வரை 28-ஐ ஒட்டியே நின்ற ஊசி, வட்டவளையைத் தாண்டி அட்டனுக்கு வரும்போது 26-க்குக் கீழே. நான் 17ஆம் நூற்றாண்டு மெய்யியலில் 'வெளி' (இடம், வெற்றிடம்) பற்றிப் பாடம் எடுப்பவன். 1648 செப்டம்பரில் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால், இதே அழுத்தக் குறைவைச் சோதிக்க, தன் அக்கா கணவரைப் பாதரசக் குழாயோடு பிரான்சின் புய் தெ தோம் மலைக்கு ஏற்றிவிட்டார். உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்குமேல் இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க, அடிவாரத்து மடத்துத் தோட்டத்தில் இன்னொரு குழாயை ஒரு துறவி காவல் காத்தார். எனக்கு அந்த வசதி இல்லை, பக்கத்து ஆசனத்து அக்காதான் "என்ன தம்பி மணிக்கூடா?" என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் பின்மூடியைக் கழற்றினேன். காசு கொடுத்தது இதற்குத்தான். நெளிநெளியான மெல்லிய டப்பா, உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்தது. ஒரு பட்டைச் சுருள்வில் அதன் முகத்தை இழுத்துப் பிடித்திருக்கிறது. விட்டால் வெளிக்காற்று இரண்டு பக்கத்தையும் அமுக்கி ஒட்டிவிடும். 1644-இல் பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்ட்டும், பாத்திரத்தில் ஒன்றுமே இல்லையென்றால் பக்கங்கள் தொட்டுக்கொள்ளும் என்றார். காற்று அமுக்குவதைச் சொல்கிறார் என்றே பிள்ளைகள் எழுதிவைப்பார்கள். அவர் காற்றைப் பற்றிப் பேசவில்லை. நடுவில் பொருள் இல்லையென்றால் தூரம் என்பதே இல்லை என்றார். இந்த டப்பாவைக் காட்டினாலும் மசிய மாட்டார். உலோகத்தின் துளை வழியே, காற்றைவிட மெல்லிய நுண்பொருள் ஒன்று புகுந்துவிட்டது என்பார்.

வானிலைக்கு வாங்காதீர்கள். நம் பக்கம் ஊசி தினமும் காலை 10 மணியளவில் ஏறி, பின்னேரம் 4 மணியளவில் இறங்கும், வெயிலானாலும் மழையானாலும். எதிர்மலையில் பனி இறங்குவதைப் பார்த்துக் கொடியிலிருந்து துணி எடுக்கும் அம்மாவை இது இன்னும் ஒருநாள்கூட வென்றதில்லை.

கடையில் இன்னொன்று கிடக்கிறது. ஊசி கீழ்க்கோடியில் கிடந்து, தட்டியும் அசையாவிட்டால் டப்பாவுக்குள் காற்று புகுந்துவிட்டது. சும்மா தந்தாலும் வேண்டாம்.