கேஎல்லில் (கோலாலம்பூரில்) இரத்தப் புற்றுநோய்க்கு டாக்டர் தேடுகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

'கேன்சர் ஸ்பெஷலிஸ்ட்' என்ற பலகையை மட்டும் நம்பி கீமோவுக்குச் சம்மதித்துவிடாதீர்கள். செந்தூலில் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சர்க்கரைக்காக வழக்கமாகக் கொடுக்கும் இரத்தத்தில் வெள்ளையணு 38,000 என்று வந்தது. ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே பார்த்தவர் பெரும்பாலும் மார்பகம், குடல் புற்றுநோய்களைக் கவனிக்கும் ஆன்காலஜிஸ்ட். சி.எல்.எல் என்றார். அதாவது லிம்போசைட் அணுக்கள் மெல்லப் பெருகும் இரத்தப் புற்றுநோய். அது சரிதான். அதற்கப்புறம்தான் எல்லாம் அவசரம்: பெட் ஸ்கேன், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை, மருந்து ஏற்ற நெஞ்சில் போர்ட் என்ற சிறு கருவி, அடுத்த வாரமே கீமோ. "தள்ளிப் போட்டால் நான் பொறுப்பில்லை" என்று பெரியம்மாவிடம் சொன்னாரே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பெரியம்மா பல நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை. மெடிக்கல் கார்டில் (மருத்துவக் காப்பீட்டில்) எவ்வளவு வரும், காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதமான ஜிஎல் எப்போது கிடைக்கும் என்று கவுண்டரில் துருவித் துருவிக் கேட்டார்கள். பெரியப்பாவுக்கு உடம்பில் என்ன செய்கிறது என்று அந்த அளவுக்கு யாரும் கேட்கவில்லை. அவருக்கு ஒன்றுமே செய்யவில்லை!

நர்ஸாக இருக்கும் அத்தை மகள்தான் தடுத்தார். கடிதம் வாங்கி அம்பாங் மருத்துவமனைக்குப் போனோம். இரத்த நோய்களுக்கு நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகளை அனுப்புவது அங்கேதான். இரத்தவியல் நிபுணர் கழுத்து, அக்குள், மண்ணீரல் எல்லாம் தொட்டுப் பார்த்தார். பழைய இரத்த ரிப்போர்ட்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். "இப்போதைக்கு மருந்தே வேண்டாம், கவனித்து வருவோம்" என்றார். தொந்தரவு இல்லாத ஆரம்ப நிலையில் முன்கூட்டியே மருந்து கொடுத்ததால் ஆயுள் கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லையாம். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இறங்குவது, பிளேட்லெட் 1,00,000-க்குக் கீழே போவது, லிம்போசைட் 6 மாதத்துக்குள் இரட்டிப்பாவது, இரவில் உடை நனைய வியர்ப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, இப்படி ஏதாவது வந்தால்தான் சிகிச்சையைப் பற்றி யோசிப்பார்கள். நோயை உறுதிசெய்யவும் இரத்தத்தில் ஃப்ளோ சைட்டோமெட்ரி (அணுக்களின் வகையைக் கண்டறியும் சோதனை) போதும்; பெரும்பாலோருக்கு எலும்பில் ஊசி போட வேண்டியதில்லை.

என்னை உலுக்கியது இன்னொன்று. மருந்து தொடங்கும் முன் 17பி, டிபி53 மரபணுச் சோதனை அவசியம். அதில் கோளாறு இருந்தால் வழக்கமான கீமோ சரியாகக் கேட்காது, வேறு மாத்திரைகள் வேண்டும். முதல் டாக்டர் அதை எழுதவே இல்லை.

டாக்டரின் பெயரைத் தேசிய நிபுணர் பதிவேட்டில் இணையத்திலேயே தேடலாம். ஹெமட்டாலஜி (இரத்தவியல்) என்று இருக்கிறதா பாருங்கள். "இன்றே ஏன் தொடங்க வேண்டும், எந்த அளவு தாண்டியிருக்கிறது?" என்று நேராகக் கேளுங்கள். ஒன்று மட்டும்: எல்லா இரத்தப் புற்றுநோயும் காத்திருக்காது. வேகமாக முற்றும் அக்யூட் லுக்கிமியா என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

தனியார் மருத்துவமனைகள் புகாரை விசாரிக்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதன்படி எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.