வாங்கும் பெட்டியா, நாமே சேர்க்கும் பெட்டியா? டெல்டா வீடுகளுக்கான முதலுதவிக் கையிருப்பு

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தென்னையும் மின்கம்பமும் சாலை நெடுகக் குறுக்கே கிடந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. கொள்ளிடத்தில் தண்ணீர் பெருகினால் படுகையிலும் திட்டிலும் இருக்கிற கிராமங்களுக்குப் படகுதான் வழி. மற்ற நாட்களில் 108-ஐ அழைத்தால் வண்டி வந்துவிடும். இந்த மாதிரி நாட்களில் வண்டி வர ஒரு நாளாகலாம், இரண்டு நாளும் ஆகலாம்.

அந்த இடைவெளிக்காக வீட்டில் என்ன வைத்திருப்பது என்பதுதான் கேள்வி. நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. கடையிலோ ஆன்லைனிலோ கிடைக்கும் சாதாரண முதலுதவிப் பெட்டி, ராணுவப் பாணியில் விற்கும் ட்ராமா கிட், மெடிக்கலில் தனித்தனியாக வாங்கி நாமே சேர்ப்பது, தெருவுக்குப் பொதுவாக ஒரு பெட்டி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கு மூன்றாவது, தெருவுக்கு நான்காவது. முதல் இரண்டும் எங்கே தேறும், எங்கே தேறாது என்பதைப் பார்த்தால் காரணம் புரியும்.

கடைப் பெட்டியின் மேல் "100 பொருட்கள்" என்று போட்டிருக்கும். திறந்து எண்ணினால் பாதிக்கு மேல் சின்னப் பிளாஸ்திரிதான். விரல் அகல ரோலர் பேண்டேஜ் ஒன்று, ஒரு பிடி பஞ்சு, துணியைக்கூட வெட்டாத கத்தரிக்கோல், சின்னக் குப்பியில் ஆன்டிசெப்டிக். காருக்கும் அலுவலகத்துக்கும் தயாரித்த சாமான் இது. பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் சிராய்த்தால் அதற்கு இது போதும். புயல் மறுநாள் கூரைத் தகரம் தொடையைக் கிழித்தால் அந்தப் பஞ்சு ஒரு நிமிடம் தாங்காது. இன்னொரு குறை நம் ஊர் வெயில். தகர ஷெட்டில் ஒரு கோடை கிடந்த பிளாஸ்திரியை உரித்துப் பாருங்கள்: பசை உருகிக் காகிதத்தோடு போய்விடும், துணி மட்டும் கையில் வரும். கடலோரமாக இருந்தால் உப்புக்காற்றில் கத்தரிக்கோலும் துருப்பிடித்துவிடும். வண்டியில் வைக்க வாங்கலாம், வீட்டுக்கு இதை நம்பக் கூடாது.

ட்ராமா கிட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் அதில் உண்மையிலேயே உயிர் காக்கும் சாமான் இருக்கிறது. அழுத்திக் கட்டும் பேண்டேஜ், இரத்தத்தை உறைய வைக்கும் மருந்து தடவிய காஸ் துணி, டூர்னிகே என்கிற இறுக்குப் பட்டை. விழுந்த மரத்தை மெஷின் ரம்பத்தால் அறுக்கும்போதும், அறுவடை இயந்திரத்தில் கை மாட்டும்போதும், படகு இன்ஜினில் அடிபடும்போதும் இவற்றுக்கு வேலை வரும். ஆனாலும் பெரும்பாலான இரத்தப்போக்கு, சுத்தமான துணியை மடித்து வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் உள்ளங்கையால் அழுத்தினாலே நின்றுவிடும். அப்படியும் நிற்காமல் கை காலிலிருந்து பீறிட்டால்தான் டூர்னிகே. காயத்துக்கு மேலே 5 முதல் 7 செ.மீ. தள்ளி, மூட்டின் மேல் படாமல், இரத்தம் நிற்கும்வரை இறுக்க வேண்டும். கட்டிய நேரத்தை அங்கேயே எழுத வேண்டும். அதன் பிறகு மருத்துவமனையில்தான் அவிழ்க்க வேண்டும். மலிவு விலைப் போலிகளில் முறுக்கும் கம்பி இறுக்கும்போதே ஒடிந்துவிடும். அதனால் வாங்கினால் நல்லதாக ஒன்று வாங்குங்கள்.

டெல்டாவில் இதற்கென்று தனி ஆபத்து ஒன்று இருக்கிறது. அதனால்தான் எல்லா வீட்டுக்கும் டூர்னிகேவைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. வெள்ளம் வந்தால் வரப்பு வளையில் இருக்கிற பாம்பெல்லாம் மேட்டைத் தேடி வீட்டுக்குள் வரும். கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டும் பழக்கம் இன்னும் நம்மிடம் போகவில்லை. வீட்டில் இறுக்குப் பட்டை இருந்தால் பதற்றத்தில் அதைத்தான் எடுப்பார்கள். பாம்புக்கடிக்குக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கண்ணாடி விரியன் கடித்த காலை இறுக்கிக் கட்டினால் சதை அழுகிக் காலையே எடுக்க வேண்டி வரலாம். கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வைத்து, கை காலை முறிவுக்குக் கட்டுவதுபோல் சிம்பு வைத்து அசையாமல் கட்டி, எந்த வழியிலாவது மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தரையில் படுத்திருக்கும்போது கட்டு விரியன் கடித்தால் வலியோ தடமோ சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை சொருகல் என்று ஆரம்பித்தால் கடியென்றே சந்தேகப்பட்டுக் கிளம்புங்கள். விஷமுறிவு மருந்தை வீட்டில் வைக்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. அதை நரம்பில் ஏற்ற வேண்டும், அந்த மருந்தே கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம், அதைச் சமாளிக்க ஆளும் மருந்தும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆக, டூர்னிகே வாங்குகிறவர்கள் அதன் உறையின் மேல் "பாம்புக்கடிக்கு அல்ல" என்று கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். பயிற்சி பெற்ற ஒருவராவது இல்லாத வீட்டில் அது வேண்டாம்.

சரி, நாமே சேர்க்கும் பெட்டி. கடைப் பெட்டிக்குக் கொடுக்கும் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் மெடிக்கலில் எவ்வளவோ வாங்கலாம். 10 செ.மீ., 15 செ.மீ. அகலத்தில் கிரேப் பேண்டேஜ், ஸ்டெரைல் காஸ் பாக்கெட் நிறைய, மைக்ரோபோர் டேப், கையுறை, பீட்டாடின், தீக்காயத்துக்கு ஒட்டாத பாரஃபின் காஸ், 500 மில்லி நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) பாட்டில் சில. இதில் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது சலைன்தான். சேற்றிலும் வெள்ளத்திலும் பட்ட காயத்துக்கு மருந்தைவிடக் கழுவுவதுதான் முதல் வேலை. பாட்டிலில் ஊசியால் துளை போட்டுப் பீய்ச்சிக் கழுவினால் மண்ணும் தவிட்டு உமியும் வெளியே வந்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிப் பொங்க விடுவது நல்ல சதையையும் கெடுக்கும். காபித்தூளும் மஞ்சளும் காயத்துக்குள் போடவே வேண்டாம். கழுவிய பிறகு காஸ் வைத்துத் தளர்வாகக் கட்டினால் போதும், அழுக்குக் காயத்தை இழுத்து மூடி ஒட்ட வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆனவர்கள், வழி திறந்ததும் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

வெள்ளத்துக்குப் பிறகு வீடு வீடாக வருவது வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஆளுக்கு ஐந்தாறு என்று வாங்கி வையுங்கள். ஒரு பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டர், கொதித்து ஆறிய நீரில் கரைத்து, 24 மணி நேரத்தில் தீராததைக் கொட்டிவிட வேண்டும். அட்டைப் பெட்டியில் இனிப்பாக விற்கும் சாறு இதற்கு ஈடாகாது. குழந்தைகளுக்குக் கூடவே துத்தநாக மாத்திரை, அளவை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே எழுதி வைக்கலாம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம், அப்போது புரூஃபென் வகை மாத்திரையும் ஆஸ்பிரினும் இரத்தக் கசிவை அதிகமாக்கும். எலிக்காய்ச்சலுக்கு முன்னெச்சரிக்கை மாத்திரை உண்டு, அதை மருத்துவர் கொடுத்தால்தான் சாப்பிட வேண்டும்.

பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு வாரத்துக்குக் குறையாமல் கையில் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் மின்சாரம் போனதும் பயந்துவிடுகிறார்கள். பயன்பாட்டில் இருக்கும் குப்பியோ பேனாவோ, பெரும்பாலான வகைகளில் 25 அல்லது 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் நான்கு வாரம் வரை தாங்கும். உங்கள் மருந்தின் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிக்காத இருப்பை நீர் புகாத டப்பாவில் போட்டு, மண்பானைக்குள் வைத்து, பானையைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றலாம். கோடையில் நன்றாகக் குளிரும். அடைமழையில் ஈரக்காற்றால் அவ்வளவு குளிராது, அப்போது வெளியிலும் சூடு குறைவாக இருப்பது நமக்குச் சாதகம். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்து உறைய விட்டால் அந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

நாமே சேர்ப்பதில் இருக்கிற குறை, அது சிதறிப் போவது. பீட்டாடின் குளியலறையில், மாத்திரை சாமி அலமாரியில், கத்தரிக்கோல் தையல் பெட்டியில். இதற்கு வேலைவாரியாகப் பிரிப்பதுதான் வழி. இரத்தம், தீக்காயம், எலும்பு முறிவு, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று மார்க்கரில் எழுதிய தனித்தனி ஜிப் கவர்கள். எல்லாவற்றையும் ரப்பர் வளையம் போட்ட மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்முக்குள் வைத்து, பரண் சூட்டிலும் வெள்ளம் ஏறும் தரையிலும் படாமல் உள்ளறை அலமாரியின் மேல்தட்டில் வைக்கலாம். தேதி பார்க்க ஆடிப்பெருக்கு நல்ல நாள். ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும், தீர்ந்ததை வாங்க நேரம் கிடைக்கும். கொள்ளிடக் கரையில் வீட்டைவிட்டே கிளம்ப வேண்டியவர்கள், தினசரி மாத்திரையும் ஓ.ஆர்.எஸ்ஸும் கட்டுத்துணியும் கொண்ட சின்னத் தோள்பை ஒன்றைத் தனியாகவே கட்டி வைக்க வேண்டும்.

விலை அதிகம், உபயோகம் அபூர்வம் என்கிற சாமானெல்லாம் தெருப் பெட்டிக்குப் போகட்டும். ஸ்ட்ரெச்சர், பி.பி. கருவி, விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி, சர்க்கரை பார்க்கும் கருவி, வளைத்துக் கட்டும் சிம்பு, அந்த ஒரு நல்ல டூர்னிகே. இருபது வீடு சேர்ந்தால் ஆளுக்குச் சில நூறு ரூபாயில் முடியும். சர்க்கரைக் கருவியின் ஸ்ட்ரிப்புக்கும் காலாவதி உண்டு, அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கடலோர ஊர்களில் பேரிடர் பாதுகாப்பு மையத்திலேயே வைத்துக்கொள்ளலாம், மற்ற ஊர்களில் மாடி வீடு ஒன்று. இந்தப் பெட்டி தோற்பது சாவியில்தான். சாவி வைத்திருப்பவர் கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தால் பெட்டி இருந்தும் பயனில்லை. பூட்டே போடாமல் முத்திரைக் கயிறு கட்டுங்கள். எடுத்தவர் யார், எதை எடுத்தார் என்று எழுத ஒரு நோட்டும் பேனாவும் மூடியின் உள்பக்கம் இருக்கட்டும். கிராம சுகாதார செவிலியர் ஊருக்கு வரும் நாளில் பெட்டியை ஒருமுறை அவர் முன்னால் பிரித்துக் காட்டி, கட்டுப் போடுவதை நான்கு பேராவது கையால் செய்து பழகிக்கொள்ளலாம்.