விலைப்பட்டியலைப் பொருள் டேபிளில் சேர்க்க எந்த வழி?

தினமும் இரவு சப்ளையரிடமிருந்து விலைப்பட்டியல் வருகிறது, அதைத் தற்காலிக டேபிள் ஒன்றில் ஏற்றிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இனி, இருக்கிற பொருட்களுக்கு விலையை மாற்ற வேண்டும், இல்லாதவற்றைச் சேர்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) டேட்டாபேஸில் இதற்கு மூன்று வழிகள் உண்டு.

பழைய வழி இரண்டு படி. முதலில் இருக்கிற பொருட்களின் விலையை மாற்ற 'அப்டேட் ஃப்ரம்' (UPDATE ... FROM), அப்புறம் இல்லாதவற்றை மட்டும் சேர்க்க 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' (NOT EXISTS) நிபந்தனையோடு இன்சர்ட். எந்தப் பதிப்பிலும் ஓடும், படித்ததும் புரியும். ஆனால் எனக்கு இதில் ஒரு பயம் உண்டு. பட்டியலில் ஒரே பொருள் குறியீடு இரண்டு விலைகளோடு வந்துவிட்டால், அப்டேட் ஏதோ ஒரு வரியை எடுத்துக்கொள்ளும். எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. பிழைச் செய்தியும் வராது. தவறான விலை போனது பில் போடும்போதுதான் தெரியும்.

2016-இல் 9.5 பதிப்போடு வந்த 'ஆன் கான்ஃப்ளிக்ட்' (இன்சர்ட் செய்யும்போது வரி ஏற்கெனவே இருந்தால் அதை அப்டேட் செய்யும் INSERT ... ON CONFLICT DO UPDATE) இந்த இடத்தில் நின்றுவிடும்: ஒரே வரியை இரண்டாம் முறை தொட முடியாது என்று பிழை தரும். அந்தப் பிழை நமக்கு நல்லது. இதற்குக் குறியீட்டின் மேல் யுனீக் இண்டெக்ஸ் (ஒரே குறியீடு இரண்டு முறை வராமல் தடுப்பது) கட்டாயம் வேண்டும். அது இருந்தால், அதே நேரத்தில் வேறொருவர் அதே பொருளைச் சேர்த்தாலும் இது தடுமாறாமல் அப்டேட்டாக மாறிவிடும்.

2022-இல் 15-ஆம் பதிப்பில் வந்த 'மெர்ஜ்' (MERGE) யுனீக் இண்டெக்ஸ் கேட்காது. நிபந்தனைக்கு ஏற்ப மாற்றலாம், சேர்க்கலாம், நீக்கவும் செய்யலாம். ஏற்கெனவே உள்ள வரியை இரண்டு முறை மாற்ற வந்தால் இதுவும் பிழை தரும். ஆனால் பலர் ஒரே நேரத்தில் எழுதும் டேபிளில், இன்னொருவர் முந்திக்கொண்டால் யுனீக் பிழையோடு விழக்கூடும்.

என் தேர்வு இதுதான்: பகலில் கடை நடக்கும்போது ஏற்றுவதற்கு ஆன் கான்ஃப்ளிக்ட். யாரும் தொடாத இரவு வேலைக்கு, நீக்குவதும் சேர்ந்திருந்தால், மெர்ஜ்.

எதை எடுத்தாலும், விலை மாறிய வரிகளை மட்டும் தொடும்படி 'இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம்' (IS DISTINCT FROM, 'இதிலிருந்து வேறுபட்டால்') நிபந்தனை போடுங்கள். மதிப்பு அதேதான் என்றாலும் போஸ்ட்கிரெஸ் வரியைப் புதிதாக எழுதும். பழைய பிரதி, வேக்யூம் (பழைய பிரதிகளைச் சுத்தம் செய்யும் வேலை) வரும்வரை டேபிளில் குப்பையாகக் கிடக்கும்.

இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லில் (MySQL) வேலை செய்பவர்கள் 'ரீப்ளேஸ்' (REPLACE) பக்கம் போக வேண்டாம். அது பழைய வரியை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கிறது. மற்ற டேபிள்களை இதோடு இணைக்கும் ஃபாரின் கீயில் கேஸ்கேட் டெலீட் (மூல வரி போனால் சார்ந்தவையும் போகும் அமைப்பு) இருந்தால் அந்தப் பொருளைச் சார்ந்த வரிகளும் கூடவே போய்விடும். அங்கே 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்' (ON DUPLICATE KEY UPDATE) இருக்கிறது, அதையே எடுங்கள்.