செய்முறைக்குக் கூத்தா, மேடை நாடகமா?

நாடகக் கலையை அறிமுகத் தாளாக எடுத்த முதலாண்டு மாணவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

செலவு
மேடை: அரங்க வாடகை, விளக்கு, செட்.
தெருக்கூத்து: திறந்தவெளியும் இரண்டு பேர் பிடிக்கும் திரையும் போதும். கிரீடமும் புஜக்கட்டையும் (தோளில் கட்டும் மர அணி) இரவல் கிடைத்தால் சரி.

உழைப்பு
மேடை: வசனம் மனப்பாடம், வெளிச்சம் விழும் இடத்தில் நிற்கும் பழக்கம். ஒப்பேற்றிவிடலாம்.
கூத்து: ஒப்பேற்ற முடியாது. திரைக்குப் பின்னாலிருந்தே பாட வேண்டும், வெளியே வந்து அடவு (ஆட்ட அசைவு) போட வேண்டும், அந்த மர அணிகளின் பாரத்தோடு சுழல வேண்டும். முகவீணை என்ற ஊதுகருவியின் சுருதி ஏறும்போது குரலும் ஏற வேண்டும். பாத்திரம் திரையிலிருந்து வெளிவரும் இந்த அறிமுகக் காட்சி ஒன்றுக்கே வாரக்கணக்கில் பயிற்சி தேவை.

பார்வையாளர்
மேடை: பெரும்பாலும் இருட்டுக்குள்.
கூத்து: கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் அவர்களிடமே பேசுவான், கிண்டலும் அடிப்பான்.

நவீன நடிகர்களுக்கும் கூத்து உதவும். 1977இல் நாடகாசிரியர் நா. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவின் நடிகர்களுக்குத் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரான் பயிற்சி தந்திருக்கிறார்.

ஒரே செமஸ்டர், பாட்டும் வராது என்றால் மேடை நாடகம். இயக்கம், ஒளியமைப்பு பக்கம் போக நினைப்பவருக்கும் அதுதான். நடிப்புதான் குறி, சொல்லித்தர வாத்தியாரும் கிடைக்கிறார் என்றால் யோசிக்காமல் கூத்து.