சாம்பல் நிற கிட்டா, 90 நிமிடச் சோதனையா?

பிறப்புறுப்பில் சீழ் வடிகிறது என்று அரசு பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போனால், சோதிக்காமல் அறிகுறியை வைத்தே கொடுப்பது சாம்பல் நிற கிட் என்னும் மருந்துப் பொட்டலம்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம். சோதனைச் செலவில்லை, அன்றே மருந்து. நல்லதுதான். ஆனால் கிளமிடியா என்னும் பால்வினைக் கிருமி தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. அவர்கள் வரவே மாட்டார்கள். கருக்குழாய் அடைபட்டு, குழந்தை தங்காதபோதுதான் பலருக்குத் தெரிகிறது.

90 நிமிடச் சோதனை என்பது ஜீன்எக்ஸ்பர்ட் என்னும் இயந்திரம் செய்வது; அது கிருமியின் மரபணுவையே தேடுகிறது. பெண் தானே எடுத்துத் தரும் பஞ்சுக்குச்சி மாதிரி போதும். அதைக் கார்ட்ரிட்ஜ் என்னும் சோதனைக் குப்பியில் விட்டால், கிளமிடியாவா, இன்னொரு பால்வினைத் தொற்றான கொனோரியாவா என்று சுமார் 90 நிமிடத்தில் சொல்லிவிடும். காசநோய்க்காக அந்த இயந்திரம் மாவட்ட மருத்துவமனைகளில் ஏற்கெனவே ஓடுகிறது; கார்ட்ரிட்ஜ் விலைதான் இடிக்கிறது.

சரி, அறிகுறியோடு வருபவரைக் காக்கவைக்காமல் கிட் கொடுக்கலாம். கர்ப்பிணிகளுக்குச் சோதனைதான் வேண்டும். அறிகுறி இல்லாவிட்டாலும் தாயிடம் இருக்கும் தொற்று பிரசவத்தில் குழந்தையின் கண்ணுக்குப் போய்விடும்.